பொலிவியாவில் ஆளுங்கட்சி 3 சதவீதத்துக்கு வந்த கதை

கேள்வி இதுதான்: "பொலிவியாவில் இருபது வருடம் கோலோச்சிய சோசலிஸ்ட் கட்சி 2025 தேர்தலில் 3 சதவீத வாக்கோடு நின்றுவிட்டது. சோசலிசம் அங்கே தானாகச் செத்ததா, அமெரிக்கா கொன்றதா?"

இரண்டும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தக் கட்சி எப்படிப் பிறந்தது என்று தெரியாவிட்டால் எப்படி விழுந்தது என்பது புரியாது.

எண்களை முதலில் வைத்துவிடுகிறேன். 2020 அக்டோபரில் அதே கட்சி 55 சதவீத வாக்கு வாங்கி முதல் சுற்றிலேயே ஆட்சியைப் பிடித்தது. 2025 ஆகஸ்ட் 17 அன்று அதன் அதிகாரபூர்வ வேட்பாளர் எதுவார்தோ தெல் காஸ்தியோவுக்குக் கிடைத்தது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் கட்சியின் பதிவே ரத்தாகியிருக்கும். 130 பேர் கொண்ட கீழவையில் இரண்டு இடம், மேலவையில் ஒன்றுமில்லை. ஐந்தே வருடத்தில் இத்தனை ஆழத்துக்கு விழுந்த ஆளுங்கட்சி என்று தேடினால், கிரேக்கத்தின் பாசோக் கட்சி மாதிரி ஒன்றிரண்டுதான் நம் காலத்தில் தேறும்.

கட்சியின் பெயர் 'சோசலிசத்தை நோக்கிய இயக்கம்'. ஸ்பானிய மொழிச் சுருக்கம் மாஸ். (நம்மூரில் முதல் காட்சிக்கு விசிலடிக்கிற 'மாஸ்' வேறு. ஆனாலும் கதை முடிகிற இடத்தில் இரண்டுக்கும் ஒரு சம்பந்தம் வந்துவிடும்.) அந்தப் பெயரே இரவல் வாங்கியது. 1995இல் உழவர் சங்கங்கள் கூடி, இனி மற்ற கட்சிகளுக்கு ஓட்டுக் கேட்டுத் தரும் வேலை வேண்டாம், நமக்கென்று ஓர் அரசியல் கருவி செய்துகொள்வோம் என்று முடிவெடுத்தன. தேர்தல் நீதிமன்றம் அவர்கள் கொடுத்த பெயரைப் பதிவுசெய்ய மறுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில், நடமாட்டமில்லாமல் கிடந்த ஒரு சிறு கட்சியின் பதிவை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கட்சி, ஸ்பெயினின் பாசிச இயக்கத்தைப் பார்த்துப் பிறந்த பழைய வலதுசாரி ஃபலாஞ்சே மரபிலிருந்து பிரிந்து வந்தது. மாஸ் கொடியில் சிவப்பு இல்லாமல் நீலமும் வெள்ளையும் கறுப்பும் இருப்பதற்குக் காரணம் அதுதான். சங்கத்துக்காரர்கள் 'கட்சி' என்று சொல்வதை விட 'கருவி' என்று சொல்வதே வழக்கம். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள்.

கருவியைச் செய்தவர்கள் யார்? இதற்குச் சுரங்கங்களுக்குப் போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் பொலிவியா என்றால் வெள்ளீயம். சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1946இல் புலக்காயோ என்ற ஊரில் கூடி, ஸ்டாலினை எதிர்த்த ரஷ்யப் புரட்சியாளர் டிராட்ஸ்கியின் வாடை முழுக்க அடிக்கும் ஒரு கொள்கை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. உலகத்தில் டிராட்ஸ்கியம் படிப்பு வட்டங்களைத் தாண்டி உழைக்கும் மக்களிடம் வேர் பிடித்த நாடுகள் என்று எண்ணினால் முதலில் வருபவை பொலிவியாவும் இலங்கையும்தான். சமசமாஜக் கட்சியின் பொற்காலத்தைப் பார்த்த இலங்கை வாசகர்களுக்கு இந்த ஒற்றுமை சுவாரசியமாக இருக்கும். 1952இல் புரட்சி வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் டைனமைட்டோடு தெருவில் இறங்கினார்கள். சுரங்கங்கள் தேசியமயமாயின. எழுதப் படிக்கத் தெரியாத பழங்குடி மக்களுக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த வருடம் நிலச் சீர்திருத்தம்.

பதினைந்து வருடம் கழித்து அதே நாட்டில்தான் சே குவேராவைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் படத்தைச் சட்டையில் போட்டுக்கொள்ளும் பலருக்கும், அவருடைய கெரில்லாப் படையில் உள்ளூர் விவசாயிகள் சேரவே இல்லை என்பது தெரியாது. ஏற்கெனவே கையில் நிலம் வந்துவிட்டவன் காட்டுக்குள் எதற்குப் போவான்? பொலிவிய இடதுசாரி அரசியல் எப்போதும் சங்கக் கூட்டத்திலிருந்து வந்தது. காட்டிலிருந்து வந்ததில்லை.

1985இல் எல்லாம் தலைகீழானது. பணவீக்கம் ஆயிரக்கணக்கான சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1952 புரட்சியின் தலைவரான அதே விக்டர் பாஸ் எஸ்தென்சோரோ, முதுமையில் மறுபடி அதிபராகி, ஆகஸ்ட் மாதம் 21060 என்ற எண்ணுள்ள ஆணையைப் போட்டார். விலைக் கட்டுப்பாடு போயிற்று, வேலைப் பாதுகாப்பு போயிற்று. இரண்டு மாதத்தில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை படுத்தது. அரசுச் சுரங்கங்களிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்றும் பொலிவியாவில் அந்த ஆணையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டாம், எண் போதும்.

வேலை போனவர்கள் எங்கே போனார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. ஒரு கூட்டம் லா பாஸ் நகரத்துக்கு மேலே 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எல் ஆல்ட்டோவில் போய்க் குடிசை போட்டது. இன்னொரு கூட்டம் கீழே இறங்கி, சப்பாரே என்ற வெப்பமண்டலப் பகுதியில் கோக்கா பயிரிடப் போனது. இரண்டு கூட்டமும் துணிமணியோடு சங்கம் நடத்தும் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போனது. ஓருரோ மேட்டுநிலத்தில் லாமா மேய்த்து வளர்ந்து, வறட்சியால் குடும்பத்தோடு சப்பாரேக்குப் பிழைக்க வந்த ஆய்மாரா இளைஞன் ஒருவனும் அங்கே இருந்தான். பெயர் ஈவோ மொராலெஸ்.

சப்பாரேயில் சங்கம் என்பது சந்தா கட்டி அட்டை வாங்குகிற சங்கம் அல்ல. நிலத்தை அளந்து கொடுப்பது சங்கம். வழி போடுவது, தகராறு தீர்ப்பது, பள்ளிக்கூடம் கேட்டு வாங்குவது எல்லாம் சங்கம். கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம். சாலை மறியலுக்கு முறைவைத்து ஆள் அனுப்ப வேண்டும். போகாவிட்டால் அதற்கும் அபராதம், மீறிப்போனால் நிலத்துக்கே ஆபத்து. நம் கடற்கரைக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் பலமும் தெரியும், அது சமயத்தில் கழுத்தை நெரிப்பதும் தெரியும். அமெரிக்காவின் போதைப்பொருள் ஒழிப்புப் போர் அந்தக் கோக்காச் செடிகளைப் பிடுங்க வந்தபோது, எதிர்த்து நின்றது இந்தக் கட்டுக்கோப்பு. ஆண்டிஸ் மலைமக்களுக்குக் கோக்கா இலை நம் வெற்றிலை மாதிரி. மெல்லுவார்கள், சாமிக்குப் படைப்பார்கள், விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். அதைக் கொக்கெய்ன் என்று மட்டுமே பார்த்த வாஷிங்டனுக்கு, தான் ஒரு தேசியத் தலைவரை வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியவில்லை.

2002 தேர்தலுக்குச் சில நாள் முன்பு அமெரிக்கத் தூதர் மனுவேல் ரோச்சா வாயைத் திறந்தார். ஈவோவுக்கு ஓட்டுப் போட்டால் உதவி நின்றுபோகலாம் என்கிற தோரணையில் மிரட்டினார். ஈவோவின் வாக்கு ஏறி, வென்றவருக்கும் அவருக்கும் இடையில் இரண்டு சதவீதம்கூட இடைவெளி இல்லாமல் போயிற்று. இதற்கு ஒரு பின்கதை உண்டு. அதே ரோச்சா 2023 டிசம்பரில் அமெரிக்காவில் கைதானார். பல பத்தாண்டுகளாகக் கியூபாவுக்கு உளவு பார்த்ததை ஒப்புக்கொண்டு 15 வருடச் சிறைத்தண்டனை வாங்கினார். தெரிந்துதான் மிரட்டினாரா என்று பொலிவியாவில் இன்னும் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு போராட்டங்களைச் சொல்லியாக வேண்டும். 1999இல் கொச்சபாம்பா நகரின் குடிநீரை, அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்துக்குப் பங்குள்ள ஒரு கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். கட்டணம் எகிறியது, சிலருக்கு இரட்டிப்பானது. செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியான ஆஸ்கர் ஒலிவெரா முன்னால் நிற்க, நகரமே தெருவுக்கு வந்தது. 2000 ஏப்ரலில் நிறுவனம் வெளியேறியது. 2003 அக்டோபரில் இயற்கை எரிவாயுவை சிலி நாட்டுத் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்யும் திட்டத்தை எதிர்த்து எல் ஆல்ட்டோ எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போரில் தன் கடற்கரையையே சிலியிடம் பறிகொடுத்த நாடு அது. அந்தத் திட்டத்தைப் போட்டவர் அதை யோசிக்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிபர் சான்செஸ் தெ லொசாதா விமானம் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இந்த இரண்டு போராட்டத்தையும் மாஸ் நடத்தவில்லை என்பது முக்கியம். தண்ணீருக்கான கூட்டமைப்பும், எல் ஆல்ட்டோவின் தெருச் சங்கங்களும் நடத்தின. அறுவடை மாஸுக்கு வந்தது. 2005 டிசம்பர் 18 தேர்தலில் ஈவோ கிட்டத்தட்ட 54 சதவீதம் வாங்கினார்.

அவருடைய முதல் அமைச்சரவையில் நீதித்துறை அமைச்சர் காசிமிரா ரொட்ரீகெஸ். வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கத் தலைவியாக இருந்தவர். 1952க்கு முன்பு பழங்குடியினர் லா பாஸின் நடுச் சதுக்கத்தில் நடக்கவே கூடாது என்றிருந்த நாட்டில், பின்னல் சடையும் அகலப் பாவாடையுமாக ஒரு பெண் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு என்ன மதிப்பு என்று வாக்குச் சதவீதத்தை வைத்து அளக்க முடியாது. 2009 அரசியலமைப்பு பொலிவியாவைப் 'பல்தேசிய அரசு' என்று அறிவித்தது, ஸ்பானியத்தோடு 36 பழங்குடி மொழிகளுக்கும் ஆட்சிமொழித் தகுதி தந்தது. பதினைந்து வருடத்தில் எதெல்லாம் போனாலும் இது போகவில்லை. இப்போது ஆட்சிக்கு வந்திருக்கும் வலதுசாரிகளுக்கும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக வழி இல்லை.

இனிப் பணக் கதை. என் பார்வையில் இதுதான் மையம்.

2006 மே 1 அன்று ஈவோ இராணுவத்தோடு எரிவாயு வயலுக்குப் போய்த் தேசியமயத்தை அறிவித்தார். தலைப்புச் செய்திகளைப் பார்த்தவர்கள் நிறுவனங்களை விரட்டிவிட்டார் என்று நினைத்தார்கள். பெட்ரோப்ராஸ், ரெப்சோல், டோட்டால் எல்லோரும் அங்கேயேதான் இருந்தார்கள். மாறியது பங்கு. பெரிய இரண்டு வயல்களின் வருமானத்தில் 82 சதவீதம் அரசுக்கு என்று ஆணை சொன்னது. பிறகு ஒப்பந்தங்கள் புதிதாகப் போடப்பட்டன. உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம், வாங்குவதற்குப் பிரேசிலும் அர்ஜென்டினாவும் குழாயின் மறுமுனையில் காத்திருந்தன. பணம் கொட்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடம் 200 பொலிவியானோ (அந்நாட்டு நாணயம்), அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஓய்வூதியம், கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை. 2014இல் எல் ஆல்ட்டோவையும் லா பாஸையும் இணைத்துக் கேபிள் கார் ஓட ஆரம்பித்தது. மேட்டுக் குடிசையிலிருந்து கீழே வேலைக்குப் போகிற பெண், நெரிசல் பேருந்தில் கசங்காமல் வானத்தில் மிதந்து போனாள். 2005இல் மக்கள்தொகையில் 60 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழே. 2019க்குள் அது 40க்குக் கீழே இறங்கிவிட்டது. கடும் வறுமை பாதிக்கும் கீழே குறைந்தது. இதை மறைத்துவிட்டு எழுதுகிற எந்தத் தாராளவாதக் கட்டுரையையும் நான் நம்புவதில்லை.

ஆனால் இது எந்த வகை சோசலிசம்? துணை அதிபர் ஆல்வரோ கார்சியா லினேரா கணிதம் படித்தவர், எண்பதுகளின் முடிவில் ஆயுதக் குழுவில் இருந்து சிறைக்குப் போனவர், அந்த அரசின் மூளை என்று பெயரெடுத்தவர். அவரே ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: இப்போது கட்டப்போவது 'ஆண்டிய-அமேசானிய முதலாளித்துவம்', சோசலிசத்துக்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். நேர்மையான பேச்சு. அந்த அரசு செய்தது, பூமிக்கடியிலிருந்து வரும் வாடகைப் பணத்தை முன்பைவிட நியாயமாகப் பங்கிட்டது. பங்கிடுவதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். புதிதாகத் தோண்டுவதிலும் வேறு தொழில் வளர்ப்பதிலும் அந்தக் கெட்டிக்காரத்தனம் இல்லை. 82 சதவீதம் எடுத்துக்கொள்கிற நாட்டில் புதிய கிணறு தோண்ட வெளிநிறுவனம் பணம் போடாது. அப்படியானால் அரசு நிறுவனம் போட வேண்டும். அது போட்டது போதவில்லை, போட்ட இடத்திலும் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. 2014 வாக்கில் உற்பத்தி உச்சியைத் தொட்டு இறங்க ஆரம்பித்தது. பத்து வருடத்தில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

இதோடு இரண்டு விலைகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ, 2011 முதல். ஒரு லிட்டர் பெட்ரோல் 3.74 பொலிவியானோ. எரிவாயு விற்கும் நாடு பெட்ரோலையும் டீசலையும் டாலர் கொடுத்து இறக்குமதி செய்து, வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றது. இந்த மலிவு டீசலால் யாருக்கு அதிக லாபம்? ஏழைக்கு என்றுதான் மேடையில் பேசுவார்கள். உண்மையில் பெரும்பங்கை விழுங்கியது சாந்தா குரூஸ் மாகாணத்துச் சோயாப் பண்ணைகளின் டிராக்டர்களும், எல்லைக்கு அப்பால் கடத்தி விற்றவர்களும். 2008இல் ஈவோவைக் கவிழ்க்கத் துடித்த சோயா முதலாளிகள், அடுத்த சில வருடங்களில் அவரோடு சமாதானமாகிவிட்டதற்கு இந்த டீசலும் காடழிக்கக் கிடைத்த அனுமதிகளும் சின்னக் காரணம் இல்லை.

முதல் விரிசல் 2011இல். திப்னிஸ் என்ற பழங்குடிப் பாதுகாப்பு வனத்தின் நடுவே சாலை போட அரசு கிளம்பியது. காட்டில் வாழும் மக்கள் எதிர்த்து, தலைநகரை நோக்கி நடந்தே வந்தார்கள். செப்டம்பர் 25 அன்று சாப்பாரீனாவில் காவல்துறை அவர்களைக் கண்ணீர்ப்புகை போட்டு, அடித்து, கட்டிப்போட்டது. பாதுகாப்பு அமைச்சர் சிசிலியா சக்கோன் வெட்கப்பட்டு ராஜினாமா செய்தார். சாலை வேண்டும் என்று கேட்டவர்கள் யார் என்றால், காட்டை ஒட்டிக் குடியேறிய கோக்கா விவசாயிகள், ஈவோவின் சொந்தச் சங்கத்துக்காரர்கள். பழங்குடி அரசுக்குள்ளேயே எந்தப் பழங்குடி முதல் என்ற கேள்வி அங்கே எழுந்தது. தாழ்நில மக்களின் கூட்டமைப்பு அந்த வருடமே அரசை விட்டு விலகிப் போனது.

அடுத்தது நாற்காலி. ஒருவர் இரண்டு முறைதான் அதிபராகலாம் என்றது அரசியலமைப்பு. முதல் முறை பழைய அரசியலமைப்பின் கீழ், அது கணக்கில் வராது என்று சொல்லி 2014இல் ஈவோ மூன்றாவது முறை நின்றார், 61 சதவீதத்தோடு வென்றார். நான்காவது முறைக்கு 2016 பிப்ரவரி 21 அன்று மக்களிடமே கேட்டார். 51 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். அன்று அவர் ஒருவரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கியிருந்தால் இந்தப் பதிலை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் அரசியலமைப்புத் தீர்ப்பாயம், தேர்தலில் நிற்பது ஒரு மனித உரிமை, அதற்கு வரம்பு வைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. மக்கள் வாக்கெடுப்பில் தோற்றதை வழக்காடி ஜெயித்தார்கள். 'மாஸ்' என்ற சொல் நம்மூர் அர்த்தத்துக்கு வந்துவிட்டது: கருவி போய், கதாநாயகன் மட்டும் மிஞ்சினார்.

2019 அக்டோபர் தேர்தல் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. ஈவோவுக்கு 47 சதவீதம், எதிர்த்து நின்ற முன்னாள் அதிபர் கார்லோஸ் மெசாவுக்கு 36.5, இரண்டாம் சுற்றைத் தவிர்க்க 10 புள்ளி வித்தியாசம் வேண்டும், மயிரிழையில் தாண்டியிருந்தது. நடுவில் விரைவு எண்ணிக்கை நின்று மறுபடி ஓடியது சந்தேகத்தைக் கிளப்பியது. அமெரிக்க நாடுகளின் அமைப்பு முறைகேடு என்றது; அதன் புள்ளியியல் வாதம் பிழையானது என்று பிறகு பல ஆய்வாளர்கள் காட்டினார்கள். காவல்துறை கலகம் செய்தது. நவம்பர் 10 அன்று தலைமைத் தளபதி பதவி விலகச் 'சொன்னார்'. தளபதி ஒரு அதிபரைப் போகச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த பெயர் ஆட்சிக்கவிழ்ப்பு. ஆனால் அதே நாளில், நாடு அமைதியாக அது வேண்டியிருந்தால் விலகிவிடுங்கள் என்று மத்தியத் தொழிற்சங்கமான கோப் அமைப்பின் தலைவரும் சொன்னார். 2003இல் மலையிலிருந்து இறங்கி வந்த எல் ஆல்ட்டோ, ஈவோ விமானம் ஏறும் வரை பெரிதாக அசையவில்லை. அசைந்தது அதற்குப் பிறகுதான். கட்சிக்கு 4 சதவீத வாக்கு மட்டுமே இருந்த ஜெனீன் ஆன்யெஸ் இடைக்கால அதிபராகிப் பைபிளோடு மாளிகைக்குள் நுழைந்தார், பழங்குடிகளின் விப்பாலா கொடியைக் காவலர்கள் சீருடையிலிருந்து அறுத்து எறிந்தார்கள். சக்காபாவிலும் சென்காட்டாவிலும் படையினர் சுட்டதில் குறைந்தது இருபது பேர் இறந்தார்கள்.

அமெரிக்காதான் கொன்றது என்கிறவர்கள் இந்த இடத்தில் லித்தியத்தைக் கொண்டுவருவார்கள். உயூனி உப்புப் பாலையில் உலகிலேயே பெரிய லித்திய வளம் இருப்பது உண்மை. ஆனால் அதற்காக ஜெர்மன் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை, உயூனி இருக்கும் பொத்தோசி மாகாணத்து மக்கள் ராயல்டி போதாது என்று போராடியதால், பதவி போவதற்குச் சில நாள் முன்பு ஈவோ அரசே ரத்து செய்திருந்தது. வாஷிங்டனுக்கு அவர் போனதில் மகிழ்ச்சி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மகிழ்ச்சியடைந்தவர்தான் செய்தவர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்தக் கதையில் மிகவும் பேசும் எண் 2020உடையது. தேர்தலைத் தள்ளிக்கொண்டே போன ஆன்யெஸ் அரசை, ஆகஸ்டில் சங்கங்கள் நாடு முழுக்கச் சாலை மறித்து வழிக்குக் கொண்டுவந்தன. அக்டோபரில் மாஸ் வேட்பாளர் லூயிஸ் ஆர்சே. கண்ணாடி போட்ட பொருளாதார நிபுணர், பேச்சில் நெருப்பே கிடையாது. அவர் வாங்கியது 55 சதவீதம். ஈவோ நின்றபோது 47, ஈவோ இல்லாமல் 55. சங்கங்கள் தங்கள் கருவியை மீட்டெடுத்திருந்தன.

ஆர்சே பதவியேற்ற மறுநாளே ஈவோ அர்ஜென்டினா எல்லையைத் தாண்டி ஊர்வலமாக வந்தார். 2025க்கு நான்தான் என்றார். ஆர்சேயும் விடுவதாக இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது: இரண்டு மாநாடு, இரண்டு தலைமை, ஒவ்வொரு சங்கமும் இரண்டாகப் பிளந்து நாற்காலிகளை வீசிக்கொண்டது. நீதிமன்றம் கட்சியை ஆர்சே அணியிடம் கொடுத்தது, ஈவோ போட்டியிடத் தடை போட்டது. சிறுமி ஒருவருடனான உறவு தொடர்பான வழக்கில் ஈவோவுக்குப் பிடியாணை வந்தது. குற்றச்சாட்டை மறுக்கும் அவர் சப்பாரேயில் சங்கத்துக்காரர்கள் கம்புகளோடு காவல் நிற்க உள்ளேயே இருந்துகொண்டார்.

மேலே இவர்கள் அடித்துக்கொள்ள, கீழே டாலர் தீர்ந்தது. 2014இல் 15 பில்லியன் டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2023 முடிவில் 2 பில்லியனுக்கும் கீழே. வங்கியில் டாலர் கிடையாது. கள்ளச்சந்தையில் 6.96 என்ற விலை இரண்டு மடங்கைத் தொட்டது. டீசலுக்கு லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. 2022இல் இலங்கையில் எரிபொருள் வரிசையில் தூங்கி எழுந்தவர்களுக்கு அந்தப் படங்களைப் பார்த்தாலே உடம்பு வலித்திருக்கும். 2025 நடுவில் வருடப் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியது. ஈவோ ஆட்சியில் பணத்தின் மதிப்பைப் பத்து வருடத்துக்கு மேல் காப்பாற்றிய பொருளாதார அமைச்சர் என்று பேர் வாங்கிய ஆர்சே, தான் கட்டிய வீடே தன் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி போட்டியிடவில்லை.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். ஆந்த்ரோனிக்கோ ரொட்ரீகெஸ், அப்போதைய மேலவைத் தலைவர், முப்பதுகளில் இருப்பவர், சப்பாரே கோக்கா சங்கத்தில் ஈவோவே வளர்த்த பிள்ளை. அவர் தனியே நின்றபோது ஈவோ அவரைத் துரோகி என்றார். வாக்களிக்கப் போன சாவடியில் அவர்மீது கல் விழுந்தது. அவருக்கு 8 சதவீதம். செல்லாத ஓட்டுப் போடுங்கள் என்று ஈவோ கேட்டுக்கொண்டதால் போடப்பட்ட வாக்குகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று செல்லாமல் போனது. இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இடதுசாரி வாக்கு முற்றாகக் கரைந்துபோகவில்லை. மூன்று துண்டாகிப் பயனற்றுப் போனது.

மீதி எங்கே போனது? பழைய வலதுசாரிப் பணக்காரர்களுக்குப் போகவில்லை. கருத்துக்கணிப்புகளில் எங்கோ கீழே கிடந்த ரொட்ரிகோ பாஸ் முதலிடம் வந்து, அக்டோபர் இரண்டாம் சுற்றில் கிட்டத்தட்ட 55 சதவீதத்தோடு வென்றார். மாஸின் கோட்டையான மேட்டுநிலமும் எல் ஆல்ட்டோவும்தான் அவரைத் தூக்கிவிட்டன. அதற்குப் பெரிய காரணம் அவருடைய துணை வேட்பாளர் எத்மன் லாரா. காவல்துறை ஊழலை டிக்டாக்கில் போட்டு உடைத்து வேலையிழந்த முன்னாள் காவல் அதிகாரி. 'எல்லோருக்கும் முதலாளித்துவம்' என்பது பாஸின் முழக்கம். எல் ஆல்ட்டோவில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஆய்மாராப் பெண்ணுக்கு, மாஸ் காலத்தில் கடை கண்ணி என்று நாலு காசு பார்த்தவளுக்கு, அந்த முழக்கம் காதில் இனித்தது. அவளுக்கு வேண்டியது டாலரும் டீசலும். இந்த ரொட்ரிகோ பாஸ் யார் தெரியுமா? 1952இல் சுரங்கத்தைத் தேசியமயமாக்கி 1985இல் 21060 போட்ட அதே விக்டர் பாஸின் வம்சம், அவருக்குப் பேரன் முறை.

தலைவரை மாற்றத் தெரிந்த இடதுசாரி எப்படி இருக்கும் என்று பார்க்க மெக்சிகோ போதும். அங்கே ஒருவர் ஒரே முறைதான் அதிபர். லோபெஸ் ஒப்ரதோர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தும் 2024இல் மூட்டை கட்டினார், கிளாடியா ஷெயின்பாம் சுமார் 60 சதவீதத்தோடு வந்தார். ஒப்ரதோருக்கு மறுபடி நிற்க ஆசை இருந்ததா என்பது பொருட்டே இல்லை, சட்டம் இடம் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், 'செத்ததா' என்று கேட்டீர்களே. 2010 டிசம்பரில், செல்வாக்கின் உச்சியில் இருந்த ஈவோ அரசே எரிபொருள் மானியத்தை வெட்டிப் பார்த்தது. டீசல் விலை ஒரே நாளில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எல் ஆல்ட்டோ கொதித்தது, அவருக்கு ஓட்டுப் போட்ட அதே மக்கள் கல்லெடுத்தார்கள். ஐந்தாம் நாள், புத்தாண்டுக்கு முந்தைய இரவு, ஆணையைத் திரும்பப் பெற்றார். 2025 டிசம்பரில் பாஸ் அதே மானியத்தில் கைவைத்தார். பெட்ரோல் 3.74இலிருந்து 6.96க்குப் போனது. அந்த ஆணைக்குள் அந்நிய முதலீட்டுக்கான வேறு பல சலுகைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கோப் அமைப்பு காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தது, சுரங்கத் தொழிலாளர்கள் லா பாஸுக்குள் இறங்கினார்கள், சாலைகள் மறிக்கப்பட்டன. நாடாளுமன்றத்தில் அவர்களுக்காகப் பேச இரண்டே மாஸ் உறுப்பினர்கள். ஜனவரியில் அரசு ஆணையை ரத்து செய்து, எரிபொருள் விலையை மட்டும் தக்கவைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைப் போட்டது.